வெறுங்கழுத்து வேலை

வேலைக்குச் சேர்ந்த அன்று நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இரண்டே வரிகள்தான் இருந்தன. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது ஒன்று. ஆகிவிட்டால் அன்றோடு வேலையை விட்டுவிடுவேன் என்பது இன்னொன்று. அதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணம் ஆன பிறகு நான் எதற்குக் கடைக்கு வந்து நிற்கப்போகிறேன், இதை ஒரு காகிதத்தில் வேறு எழுத வேண்டுமா என்று நினைத்தேன். பதினெட்டு வயதில் அவ்வளவு மண்டு நான்.

அறுபதுகளின் தொடக்கம். மெட்ராஸில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்தவர்கள் ஊர் ஊராகக் கிளை திறந்துகொண்டு வந்தார்கள். விழுப்புரத்துக்கும் வந்தார்கள். அதுவரை எங்கள் பக்கத்து ஜவுளிக்கடைகளில் மெத்தை போட்டிருக்கும். எடுக்க வருகிறவர்களும் உட்காருவார்கள், எடுத்துப் போடுகிறவர்களும் உட்காருவார்கள். இந்தக் கடையில் கண்ணாடி மேசை வந்தது, டியூப் லைட்டு வந்தது, மேசைக்குப் பின்னால் நிற்க நாங்கள் ஆறு பெண்கள் வந்தோம். முதல் மாதம் புடவை எடுக்க வந்தவர்களைவிட எங்களை வேடிக்கை பார்க்க வந்தவர்களே அதிகம்.

காலை ஒன்பதிலிருந்து மாலை ஏழு வரை நிற்க வேண்டும். மேசையில் சாயக்கூடாது. சாப்பிடக் கால் மணி நேரம், அதுவும் ஒருத்தி போய் வந்த பிறகுதான் அடுத்தவள். கோடவுனில் ஆறு ஸ்டூல்கள் இருந்தன. தொழிலாளர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தகவல் வரும் நாளில் அவை தூசி தட்டப்பட்டு எங்களுக்குப் பின்னால் வந்து நிற்கும். அவர் சுற்றிப் பார்த்து, மேனேஜர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனதும் திரும்பக் கோடவுனுக்குப் போய்விடும். அவை எங்களுக்கான ஸ்டூல்கள் என்பதே ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டரோடு வரும் சாமான் என்றே நினைத்திருந்தேன்.

சாயங்காலம் வெளியே விடுவதற்கு முன்னால் சோதனை. அதற்கென்று ஒரு விதவை அம்மாளை வைத்திருந்தார்கள். இடுப்பு, கொசுவம், கொண்டை எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, ரவிக்கைக்குள் துணி செருகியிருக்கிறோமா என்று கழுத்து வழியாகவும் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பாள். அந்த இரண்டு விரலை நான் இன்னும் மறக்கவில்லை. அவள் கெட்டவள் இல்லை. பார்க்கும்போது அவளும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள்.

எங்கள் ஆறு பேரில் ஒருத்தி திண்டிவனத்திலிருந்து வந்தாள். எங்களைவிடக் கொஞ்சம் மூத்தவள். திண்டிவனத்துக்காரி என்றுதான் மற்றவர்கள் கூப்பிடுவார்கள், நான் அக்கா என்பேன். அதே மெட்ராஸ்காரர்களின் கிளை திண்டிவனத்திலேயே இருக்கும்போது இவள் எதற்குத் தினமும் ரயில் ஏறி விழுப்புரத்துக்கு வருகிறாள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். கேட்டால், "அங்க கூட்டம் ஜாஸ்திடீ" என்பாள். விரிக்கிற புடவையை அவள் விரிக்க வேண்டும். வேண்டாம் என்று எழுந்தவர்கள்கூட இன்னொன்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்காருவார்கள்.

நான் விக்கிரவாண்டியில் அதே பாசஞ்சரில் ஏறுகிறவள். பெண்கள் பெட்டி முன்னால் நிற்கும், எனக்கு அவ்வளவு தூரம் ஓட அலுப்பு, பின்னாலேயே ஏறிக்கொள்வேன். ஒருநாள் மழை. பிளாட்பாரத்தில் கூரை முன்பக்கம்தான் இருந்தது என்பதால் அங்கே ஒதுங்கி நின்று பெண்கள் பெட்டியில் ஏறிவிட்டேன். உள்ளே ஒரு கீரைக்காரி தூங்கிக்கொண்டு வந்தாள். எதிர் ஜன்னலோரம் அக்கா. அவள் என்னைப் பார்க்கவில்லை. முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்று கிளம்பியது. அடுத்தது விழுப்புரம். அப்போது அவள் ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு மஞ்சள் கயிற்றை வெளியே இழுத்து, தலைவழியாகக் கழற்றினாள்.

தாலியைக் கழற்றி நான் அதுவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒருத்தி புருஷன் செத்துப் பதினாறாம் நாள். "அக்கா, இன்னாக்கா பண்றே?" என்று கிட்டத்தட்ட அலறிவிட்டேன்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பிறகு, "கத்தாதடீ. அவரு நல்லாத்தான் இருக்காரு" என்றாள்.

விழுப்புரம் வருவதற்குள் அவசர அவசரமாகச் சொன்னாள். புருஷன் திண்டிவனத்தில் அரிசி மில்லில் இருந்தவர். மெஷின் பெல்ட்டில் வலது கை மாட்டி, முழங்கைக்குக் கீழே இல்லாமல் போய்விட்டது. மில்காரர்கள் ஒரு வேட்டியும் ஒரு மூட்டை அரிசியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவள் சம்பாத்தியத்தில்தான் வீட்டில் உலை வைக்கிறார்கள். கல்யாணம் ஆனவள் என்று தெரிந்தால் கடையில் வேலை கிடையாது. திண்டிவனத்தில் எல்லாருக்கும் அவளைத் தெரியும், அதனால்தான் விழுப்புரம். தாலியை உள்ளே விட்டுக்கொள்ளலாம் என்றால் சோதனைக்காரியின் இரண்டு விரல் இருக்கிறது.

"போவும்போது முண்டியம்பாக்கத்துல எடுத்து மாட்டிக்குவேன். வூட்டுல இன்னி வரைக்கும் தெரியாது" என்றாள்.

தாலியை ஒரு துணியில் சுற்றி, பவுடர் டப்பாவின் அடியில் வைத்து, மேலே பஞ்சை அமுக்கி, அதற்கு மேல் பவுடரைப் பரப்பி மூடினாள். முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு, அதனால் ஆறு பேரிடமும் பவுடர் டப்பா உண்டு. சோதனைக்காரி மூடியைத் திறந்து பவுடரைப் பார்த்துவிட்டு மூடிவிடுவாள். பஞ்சு ஆடாமல் பிடித்துக்கொள்ளும், சத்தம் கேட்காது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் வைத்திருந்தாள். மெட்டியைக் கழற்றி முந்தானை முடிச்சில் போட்டுக்கொண்டாள். சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தேன்.

அந்தச் சத்தியத்தை நான் எட்டு மாதம் காப்பாற்றினேன்.

தை மாதம். கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு பெரிய விவசாயக் குடும்பம் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தது. இருபது பேர் இருக்கும். பெண்ணின் அம்மா நல்ல உயரம், கணீரென்ற குரல். பந்துக்கள் அத்தனை பேருக்கும் எடுத்து முடித்துக் கடைசியில் முகூர்த்தத்துக்குக் கட்டும் கூறைப்புடவைக்கு வந்தார்கள். அரக்கு நிறத்தில் ஒன்று எல்லாருக்கும் பிடித்துப்போனது. நான் அதை மடித்து நீட்டினேன். அந்த அம்மாள் கையை நீட்டவில்லை.

"நீ குடுக்காதம்மா. கட்டுக்கழுத்தி யாராச்சும் இருந்தா வந்து குடுக்கச் சொல்லு. சுமங்கலி கையாலதான் நாங்க கூறப்பொடவ வாங்குறது" என்றாள்.

பழைய ஜவுளிக்கடைகளில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கடைக்குப் பின்னால் வீடு இருக்கும். குரல் கொடுத்தால் முதலாளியம்மாள் குங்குமத் தட்டோடு வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். எங்கள் கடைக்கு முதலாளியம்மாள் மெட்ராஸில். மேனேஜர் மனைவியும் மெட்ராஸில். கடைக் கணக்குப்படி இருந்த பெண்களில் ஆறு பேர் கன்னிப்பெண்கள், ஒருத்தி விதவை. மேனேஜருக்கு வேர்த்துவிட்டது. அந்த அம்மாள், "இத்தினி பெரிய கடையில ஒரு சுமங்கலி இல்லியா? கல்யாணத் துணி விக்கிற கடைதான இது?" என்றாள். கூட வந்தவர்களில் ஒருவர் கட்டி வைத்த மூட்டைகளைப் பார்த்து, "எல்லாத்தையும் இங்கியே வெச்சிட்டு வேற கடைய பாப்போம்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன்.

ஏன் திறந்தேன் என்று எத்தனையோ வருஷம் என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை. கடையே கைபிசைந்து நிற்கும்போது அந்த ஒரு மரியாதை அக்காவிடம் மட்டும்தான் இருக்கிறது, எடுத்துக் கொடுத்தால் மேனேஜர் நன்றியோடு பார்ப்பார், இனிமேல் அவள் கழற்ற வேண்டாம், தாலியோடே வரலாம் என்று ஒரே நொடியில் நானாக ஒரு கோட்டை கட்டிவிட்டேன். சுமங்கலி என்று சொன்னால் ஒருத்திக்குக் கெடுதல் வரும் என்று எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்குத் தோன்றும்?

"சார், அக்கா சுமங்கலிதான் சார்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். மேசைக்கடியில் குனிந்து பையிலிருந்து டப்பாவை எடுத்து, பஞ்சை நீக்கித் தாலியை எடுத்து, அத்தனை பேருக்கு முன்னால் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கயிறெல்லாம் பவுடர். அவளுடைய நீல ரவிக்கையின் மேல் வெள்ளையாகக் கொட்டியது. வந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாள் மட்டும் டப்பாவையும் அவள் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் குங்குமத்தை எடுத்து அவள் வகிட்டில் வைத்தாள். அக்கா கூறைப்புடவையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு வெற்றிலை பாக்கு, மஞ்சள், அன்று எடுத்த துணியிலிருந்தே ஒரு ரவிக்கைத் துண்டு எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள். மேனேஜர் முகமெல்லாம் சிரிப்பு. எல்லாருக்கும் கலர் சோடா வரவழைத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது. குடித்தேன்.

மூட்டைகள் வண்டியில் ஏறும்வரை மேனேஜர் அவளை வேலை வாங்கினார். வண்டி நகர்ந்ததும் கூப்பிட்டார். அந்த இரண்டு வரிக் காகிதம் மேசையில் இருந்தது.

"இது உன் கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க சார்."

"பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கே. நாளைலேர்ந்து வர வேணாம். இன்னைக்கு நல்ல காரியத்துக்கு உபயோகமா இருந்தே, சந்தோஷம். அதனாலதான் மேல எதுவும் பண்ணாம விடறேன்."

நான் பக்கத்திலேயே நின்றேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே மனிதர் இவளைப் பார்த்து, "எங்க கடைப் பொண்ணு, தங்கமான பொண்ணு" என்று அந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதே வாய். நான்தான் சொன்னேன், அவள் சொல்லவில்லை, அவளை விட்டுவிடுங்கள் என்று என்னவோ உளறினேன். "கல்யாணம் ஆனா அடுத்தது பிரசவம்பீங்க, புள்ளைக்கு உடம்பு சரியில்லம்பீங்க. கம்பெனி ரூல்மா இது, நான் போட்டதா?" என்றார். அவரும் அதை நம்பித்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அன்று அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது.

வாசலில் சோதனை. அன்றைக்காவது விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். சோதனைக்காரியின் விரல் அக்கா கழுத்தில் தாலியைத் தொட்டதும் சட்டென்று பின்னால் போனது. ஆனால் பையில் இருந்த ரவிக்கைத் துண்டை அவள் பார்த்துவிட்டாள். பில் இல்லை. மேனேஜரிடம் காட்டினாள். வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தது என்று அவருக்கே தெரியும், கண்ணால் பார்த்தவர். "பில் இல்லாம ஒரு நூலும் வெளிய போகக் கூடாதும்மா" என்று சொல்லி அதை வாங்கி மடித்து அலமாரியில் வைத்தார். வெற்றிலை பாக்கும் மஞ்சளும் மட்டும் அவளோடு வந்தன.

ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். முண்டியம்பாக்கம் வந்ததும் அவள் கை பழக்கத்தில் பைக்குள் போய் டப்பாவைத் தேடியது. பிறகு நின்றுவிட்டது. கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஏன்டீ சொன்னே?" என்றாள்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விக்கிரவாண்டியில் நான் இறங்கும்போது, "பாத்து எறங்கு, படி வழுக்குது" என்றாள்.

ஒன்றரை வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குக் கரும்பு வெட்டும் பருவத்தில் மட்டும் வேலை, மீதி ஆறு மாதம் சும்மா. என் வேலை இருக்கிறது என்று நம்பித்தான் இரண்டு வீட்டிலும் சம்மதித்தார்கள். காகிதத்தைப் படித்துச் சிரித்த பெண் எங்கே போனாளோ தெரியவில்லை. மேனேஜரிடம் அம்மை வார்த்திருக்கிறது என்று சொல்லியனுப்பினேன். பத்து நாள் ஒருவரும் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மயிலம் கோயிலில் தாலி கட்டிக்கொண்டேன். மஞ்சள் முகத்தோடு கடைக்குப் போனபோது, "தலைக்கு ஊத்தியாச்சா? நல்லா ஆறிடுச்சா?" என்று மேனேஜர் நாலடி தள்ளி நின்று கேட்டார். ஆறிடுச்சுங்க சார் என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் கடையின் வார விடுமுறை நாள் ஒன்றில் திண்டிவனம் போய் அக்காவைப் பார்த்தேன். ஒரு நிலக்கடலை வியாபாரியின் கொட்டகையில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். நகமெல்லாம் தேய்ந்து பிளந்திருந்தது. பட்டு விரித்த விரல்கள் அவை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. கல்யாண விஷயத்தைச் சொன்னேன். வேலையை விடப்போவதில்லை என்பதையும் சொன்னேன். அவள் சாயங்காலம்வரை இருக்கச் சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஒரு கையோடு அவள் புருஷன் எனக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். கிளம்பும்போது அவள் அந்தப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். பஞ்சு உள்ளேயே இருந்தது.

"வெச்சிக்க. பஞ்ச மட்டும் மாசத்துக்கு ஒருவாட்டி மாத்து, இல்லாட்டி சத்தம் கேக்கும்" என்றாள்.

கல்யாணத்துக்கு அவள் எனக்குக் கொடுத்த வரிசை அதுதான்.

முதல் நாள் முண்டியம்பாக்கம் தாண்டியதும் என் கை கேட்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கழற்றினேன். பத்தே நாளில் பழகிப்போனது. பழகும் என்று எனக்கு யாராவது சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

அடுத்த ஆவணியில் அந்தக் கண்டாச்சிபுரத்து அம்மாள் மறுபடி வந்தாள். இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். உள்ளே வந்ததும், "போன வாட்டி எடுத்துக் குடுத்துச்சே ஒரு பொண்ணு, அது எங்க? அது கை ராசியான கை. பெரியவளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. அது குடுத்தாத்தான் வாங்குவேன்" என்றாள்.

மேனேஜர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அந்தப் பொண்ணு கல்யாணம் ஆகிப் போயிடுச்சுங்க" என்றார்.

"அது அப்பவே கல்யாணம் ஆன பொண்ணுதானய்யா?"

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "வேற யாராச்சும் சுமங்கலி இருந்தா வாங்கம்மா. பயப்படாதீங்க, நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றார். அக்காவுக்குப் பதிலாக வந்தவளையும் சேர்த்து ஆறு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த மௌனத்தில்தான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் நின்றவளின் விரல்கள் அவளுடைய பவுடர் டப்பாவின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு அடுத்தவளும் மெட்டி போடும் கால்விரலைப் புடவை விளிம்புக்குள் இழுத்துக்கொண்டாள். ஒருத்திக்கொருத்தி தெரியாமல் இத்தனை நாளாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறோம்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஏம்மா, அன்னைக்கு நீதானே சொன்னே. உனக்குத் தெரியுமே, யாராச்சும் இருக்காங்களா?"

"யாரும் இல்லீங்க சார்."

"நீ?"

"எனக்கு இன்னும் ஆவலீங்க சார்."

சொன்னேன். விரித்து வைத்த கூறைப்புடவைக்கு முன்னால் நின்று, புருஷன் வீட்டில் உயிரோடு இருக்கும்போது சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை என்பதுதான் இன்றுவரை எனக்குத் தாங்க முடியாத அதிர்ச்சி.

அந்த அம்மாள் எழுந்தாள். "வாங்க, போலாம். இந்தக் கடையில கல்யாணத் துணி வேணாம்" என்று தன் ஆட்களை முன்னால் அனுப்பினாள். பிறகு மேசையோரமாகச் சுற்றி என்னிடம் வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். மெட்டி இருந்த இடத்தில் விரலைச் சுற்றி வெளுப்பாக ஒரு கோடு எனக்கு இருந்தது. டப்பாவைப் பற்றி யோசித்த நான் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

"வூட்டுக்குப் போனதும் எடுத்துப் போட்டுக்கம்மா. மறந்துடாத" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை முண்டியம்பாக்கம் வரும்வரை எனக்குப் பொறுமை இல்லை. விழுப்புரம் பிளாட்பாரத்திலேயே, போகிற வருகிற அத்தனை பேரும் பார்க்க, பவுடரைக்கூடத் தட்டாமல் தாலியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மறுநாள் காலை முண்டியம்பாக்கம் தாண்டியதும் மறுபடியும் கழற்றினேன்.